கேம் நடுவுல கம்ப்யூட்டர் பொட்டுனு அணையுது, கேபினெட் தொட்டா ஜிவ்வுங்குது (பல்லடம் பக்கம், தறிக்குடோனை ஒட்டின வீடு)

தறிச்சத்தம்
எல்லாருக்கும் வணக்கமுங்க. பல்லடம் பக்கத்துல கிராமம். வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். சிபியூ ரைசன் 5 5600, கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள எல்லாத்துக்கும் கரண்டு குடுக்கற பெட்டி), 600 விஏ யூபிஎஸ், 27 இன்ச் மானிட்டர்.

பெரிய கேம் ஓடறப்ப திடீர்னு அணைஞ்சுருது. நீலத் திரை வரதில்லை, எர்ரர் எதுவும் காட்டறதில்லை. பாட்டு கேக்கறப்பவோ படம் பாக்கறப்பவோ அணையறதில்லை. செருப்பில்லாம நின்னு கேபினெட்டோட இரும்பைத் தொட்டா ஜிவ்வுனு இழுக்குது. பொழுதோட 7 மணிக்கு மேல பிங் (கேம் சர்வருக்குப் போயிட்டு வர்ற நேரம்) 35 மில்லிசெகண்டுல (எம்எஸ்) இருந்து 120-க்கு எகிறுது. கையில 8000 ரூபா இருக்குது. 750 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கலாமுங்களா?

சென்னிமலை
அந்த எட்டாயிரத்தை இப்போதைக்குப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுங்க. 550 வாட் உங்க கார்டுக்குத் தாராளம். குடோன் பக்கத்து வீடுன்னு சொன்னப்பவே பாதி வெளங்கிருச்சு.

கொடுமுடிக்காரன்
தம்பி, மொதல்ல ரெண்டாவது தொந்தரவை, அந்த ஜிவ்வுங்கறதைப் பாருங்க. மத்தது நாலு நாள் தள்ளிப் பாத்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது.

எஸ்எம்பிஎஸ் உள்ள கரண்டு நுழையற எடத்துல ஒரு ஃபில்டர் இருக்கும். ஃபேஸ்ல இருந்து எர்த்துக்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டர், நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு அதே அளவுல இன்னொண்ணு. இரைச்சலை எர்த்துக்கு இறக்கி விடறதுதான் அதுங்க சோலி. எர்த் சரியா இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிரும். எர்த் அறுந்து கெடந்தா ரெண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவுல கேபினெட் தொங்கும். அதனால 230-ல பாதி, 115 வோல்ட்டுக்குப் பக்கம் இரும்புல நிக்கும். கரண்டு ரொம்பக் கொஞ்சம், மில்லிஆம்பியர் கணக்குதான். அதனால்தான் ஜிவ்வுங்கறதோட நிக்குது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச்) இருந்தாலும் இதுக்கெல்லாம் விழாது. ஆனா நாளைக்கு எஸ்எம்பிஎஸ் உள்ளயோ கிரைண்டர்லயோ ஃபேஸ் ஒயர் இரும்புல பட்டா, அப்ப எர்த் இல்லாட்டி ஆளைத் தூக்கிரும்.

ஒரு மல்டிமீட்டர் எடுத்து ஏசி 750-ல வெச்சுக்குங்க. சாக்கெட்டை நேரா பாத்தா மேல பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். அதே போர்டுல கம்ப்யூட்டர் சொருகி இருக்கறப்ப பக்கத்து சாக்கெட்டுல பாருங்க. ஃபேஸ்-நியூட்ரல் எவ்வளவோ, ஃபேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அவ்வளவே வரோணும். நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கோணும். பழக்கமில்லாட்டி ஒயர்மேனைக் கூப்பிட்டுக்குங்க, ஓட்டைக்குள்ள கம்பி விட்டுப் பாக்கற சோலி வேண்டாம்.

அப்புறம் ஒண்ணு. சில ஒயர்மேனுக “எர்த் இல்லையா, இந்தாங்க”ன்னு சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர்ல சேத்து விட்டுருவாங்க. ஜிவ்வுங்கறது நின்னுரும், நீங்களும் சந்தோசமாக் காசு குடுப்பீங்க. என்னைக்காவது நியூட்ரல் அறுந்தா, முழு 230-ம் கேபினெட்டுக்கு வந்துரும். அதுக்கு மட்டும் ஒத்துக்கவே கூடாது.

மஞ்சமண்டி
அணையறதுக்கு வருவோம். நீலத் திரை வந்தா ரேம், டிரைவர் பக்கம் தேடலாம். பொட்டுனு அணைஞ்சா கரண்டு இல்லாட்டி சூடு, ரெண்டுல ஒண்ணுதான் பெரும்பாலும். விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல ‘கெர்னல்-பவர் 41’னு இருக்கும். அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம், “ஒழுங்கா அணைக்கலை”ன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். காரணம் அதுல இருக்காது.

எச்டபிள்யூஇன்ஃபோனு சூடு, வேகமெல்லாம் காட்டற சாஃப்ட்வேர் போட்டு லாக் (பதிவு) ஓட விடுங்க. சிபியூவை மட்டும் 10 நிமிஷம் வேலை வாங்குங்க, அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் 10 நிமிஷம், கடைசியா ரெண்டையும் ஒட்டுக்கா. அணைஞ்ச நேரத்துல லாக்கோட கடைசி வரி என்ன சொல்லுதுன்னு பாருங்க. 5600-க்கு எல்லை 90 டிகிரி. 3060 வந்து 83-ஐத் தொட்டா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். கடைசி வரி 70-ல இருந்து அணைஞ்சிருந்தா சூட்டை விட்டுருங்க, கரண்டைப் பிடிங்க.

தறிச்சத்தம்
ஓட்டிப் பாத்தனுங்க. சிபியூ 91 காட்டுது, ஆனா அப்ப அணையலை. கார்டு 78. ரெண்டும் ஒட்டுக்கா ஓடறப்ப குடோன்ல தறி போட்டாங்க, லைட்டு ஒரு சிமிட்டு சிமிட்டுச்சு, யூபிஎஸ் ஒரு கத்து கத்துச்சு, அணைஞ்சுருச்சு.

மஞ்சமண்டி
அப்ப உங்களுக்கு ரெண்டு வியாதி. 91 ஒண்ணு, யூபிஎஸ் ஒண்ணு.

மோட்டார் கெளம்பற நொடியில ஓடற கரண்டைப் போல அஞ்சுல இருந்து ஏழு மடங்கு இழுக்கும். குடோனுக்குத் தனி சர்வீசா இருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணுதான். வோல்டேஜ் ஒரு கணம் குழி விழும், யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவும். இப்ப கணக்குப் போடுங்க. சிபியூ 76 வாட், கார்டு 170, போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் 50. மொத்தம் 300-க்குப் பக்கம். எஸ்எம்பிஎஸ் தின்னறதையும் சேத்தா சுவத்துல 340. மானிட்டர் 30. ஆக 370 வாட். 600 விஏ யூபிஎஸ்னா விஏ-வைப் பாத்து ஏமாறாதீங்க, அது தாங்கறது 360 வாட்தான். மெயின்ல இருக்கற வரைக்கும் சத்தமில்லாம ஓடும், பேட்டரிக்குத் தாவின அடுத்த நொடி பாரம் தாங்காம விழும். நீங்க பாட்டுக் கேக்கறப்ப 80 வாட்தான் இழுக்கும், அதனால அப்ப அணையறதில்லை.

உள்ள இருக்கறது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, 84 வாட்-அவர். அதுவும் ஈய பேட்டரி. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 8-10 டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும். நம்மூர்ல சித்திரை வைகாசி மாசம் ரூமுக்குள்ளயே 36, 37 இருக்கும்போது மூணு வருசம் வரோணும்னு எதிர்பாக்கறது நியாயமில்லை.

1 கேவிஏ, 600 வாட்னு எழுதினதா, ரெண்டு பேட்டரி உள்ளதாப் பாருங்க. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீரா இழுக்கற சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்னா, மெயின் கரண்டு மாதிரியே வளைஞ்ச அலை குடுக்கற சைன்வேவ் யூபிஎஸ் உத்தமம். மலிவா வர்ற படிக்கட்டு அலைக்கு சில எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கும்.

சென்னிமலை
ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லிக் கடைக்காரங்க சொல்வாங்க. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல 100-240னு இருந்தா அது தண்டச் செலவு. ஃபிரிட்ஜுக்கு வாங்குங்க.

கொடுமுடிக்காரன்
வீட்டுல 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியோட இன்வெர்ட்டர் இருந்தா யூபிஎஸ்ஸே வாங்க வேண்டியதில்லை, தம்பி. பின்னால ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ‘நார்மல்’, ‘யூபிஎஸ்’னு. பெரும்பாலான வீட்டுல மாட்டினவன் நார்மல்ல வெச்சுட்டுப் போயிருப்பான். நார்மல்ல தாவறதுக்கு நேரம் அதிகம் எடுக்கும். எஸ்எம்பிஎஸ் முழுப் பாரத்துல கரண்டு இல்லாம தாக்குப் பிடிக்கறது 16, 17 மில்லிசெகண்டுதான். யூபிஎஸ் பக்கம் தள்ளி விட்டா அந்த நேரத்துக்குள்ள தாவிரும். ஆனா 180-க்குக் கீழ வோல்டேஜ் எறங்கினா அது பேட்டரிக்குப் போயிரும், அதனால லோ வோல்டேஜ் ஊர்ல பேட்டரி சும்மா சும்மா தேயும். சைன்வேவ் இன்வெர்ட்டராவும் 700 வாட்டாவது தாங்கறதாவும் இருக்கோணும். ஸ்குவேர்வேவ்னா இதுல கம்ப்யூட்டரைச் சேக்காதீங்க.

இன்னொரு சங்கதி. ஒரு ரூம்ல லைட்டு மங்கி, இன்னொரு ரூம்ல பளீர்னு எரிஞ்சா, இல்லாட்டி மல்டிமீட்டர்ல 280, 300 வோல்ட் காட்டினா, அது கம்பத்துல நியூட்ரல் விட்டுப்போன வேலை. மூணு ஃபேஸ் வீட்டுல இது வரும். யோசிக்காம மெயினை எறக்கிட்டு மின்னகத்துக்குக் கூப்பிடுங்க, 94987 94987. தறி போடறப்பெல்லாம் குழி விழறதுக்கும் அங்கயே புகார் குடுக்கலாம். ஒரே ஃபேஸ்ல எல்லா வீட்டையும் கோத்திருந்தா லைன்மேன் வேற ஃபேஸுக்கு மாத்தி விடுவாரு.

அவினாசி அம்மிணி
91 டிகிரிக்கு நான் சொல்றனுங்க. தறிப்பக்கத்துத் தூசி சாதாத் தூசி இல்லை. பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பாங்க, தறி அடிக்க அடிக்க அந்தக் கஞ்சிப் பொடியும் பஞ்சுப் பிசிறும் சேந்து பறக்கும். பிசிறு ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல கம்பளி நெய்ஞ்சாப்ல படிஞ்சுரும், கஞ்சி ஈரத்தை இழுத்து அதை ஒட்ட வெக்கும். வெளிய இருந்து பாத்தா ஃபேன் நல்லாத்தான் சுத்தும், காத்து உள்ள போகாது. அதனால ஃபேனைக் கழட்டாம ஊதினா பிரயோசனம் இல்லை.

பிளக்கைப் புடுங்கிட்டு பவர் பட்டனை 10 செகண்டு அமுக்கிப் பிடிங்க. கேபினெட்டை வாசலுக்குக் கொண்டு போயிருங்க. சிபியூ ஃபேனை மட்டும் ஹீட்சிங்குல இருந்து கழட்டி எடுத்துட்டு, அந்தக் கம்பளியைக் கையாலயே உரிச்சு எடுக்கலாம். மிச்சத்துக்கு ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ். அப்புறம்தான் பிளோயர், ஒரு அடி தள்ளி வெச்சு. ஊதறப்ப ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால தடுத்துக்குங்க. சும்மா சுத்த விட்டா பேரிங் கெடும், சில போர்டுக்கு எதிர்க் கரண்டும் போகும். வாக்குவம் கிளீனரோட மூக்கைப் போர்டுல வெக்காதீங்க, ஸ்டேடிக். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம், ஜன்னல் வழியா ஊதினாப் போதும். அணைச்சதுக்கு அப்புறமும் உள்ள கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும்.

கூலரைக் கழட்டறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. ஏஎம்4-ல (உங்க 5600 உக்கார்ற சாக்கெட் வகை) பின்னு சிபியூவுல இருக்கு. சிபியூவுக்கும் கூலருக்கும் நடுவுல சூடு கடத்தப் பூசின பேஸ்ட் ஆறினா பசையா ஒட்டி, கூலரோட சிபியூவும் பிடுங்கிட்டு வரும், பின்னு வளையும். 5 நிமிஷம் கேம் ஓட்டிச் சூடு பண்ணிட்டு அணைச்சு, கூலரை இடமும் வலமும் லேசாத் திருகித் திருகி எடுங்க. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு, நடுவுல பட்டாணி அளவு புதுசு. ஸ்க்ரூவை மூலைக்கு மூலை எதிர்த்தாப்ல முறுக்குங்க.

தறிச்சத்தம்
அக்கா, முன்னாடி பனியன் துணி கட்டி வெச்சா தூசி வராதுங்களா? வேஸ்ட் துணி திருப்பூர்ல கிலோக்கணக்குல கெடைக்குது.

அவினாசி அம்மிணி
தூசியும் வராது, காத்தும் வராது! நைலான் கொசுவலை ஒத்தை மடிப்புப் போதும். முன்னால ரெண்டு 120 எம்எம் ஃபேன் இழுக்கறாப்லயும், பின்னால ஒண்ணு தள்றாப்லயும் வெச்சா உள்ள காத்தழுத்தம் கொஞ்சம் மிஞ்சி நிக்கும், சந்து பொந்து வழியாத் தூசி நுழையாது. வலையை வாரம் ஒருக்கா பிரஷ்ல தட்டிருங்க. கேபினெட் தரையில வேண்டாம், ஒண்ணரை அடி ஒசரத்துல ஒரு ஸ்டூல். சீமாறு போடறப்ப எழும்பற பிசிறெல்லாம் தரையோடதான் போகும்.

பின்பக்கம் கார்டு மாட்டற பட்டி காலியா இருந்தா மூடிருங்க. பல்லி நுழையும். எஸ்எம்பிஎஸ் வெடிச்சுதுன்னு கொண்டு வர்றதுல உள்ள கருகின பல்லி கெடக்கறது புதுசில்லை.

மஞ்சமண்டி
கூட ஒண்ணு. கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரூம் சூட்டுக்கு மேல இத்தனை டிகிரின்னுதான் நிக்கும். ரூம் 28-ல சிபியூ 70-னா, ரூம் 38 ஆனா 80. கரூர், ஈரோட்டுக்காரங்க கோயமுத்தூர்க்காரன் போடற டெம்பரேச்சர் ஸ்கிரீன்ஷாட்டைப் பாத்துப் பொறாமைப்பட வேண்டாம். அவுங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கு, ஊரும் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல.

ரூமுக்கு ஏர் கூலர் வெச்சா நம்ம வறண்ட காத்துக்கு நல்லாவே வேலை செய்யும், ஆனா கம்ப்யூட்டரை நேராப் பாத்து வெக்கக் கூடாது. போர்வெல் உப்புத்தண்ணித் திவலை போர்டுல காஞ்சா வெள்ளையா உப்புப் படியும், மழைக்காலத்து ஈரத்துல அது கரண்டு கடத்தும்.

செலவே இல்லாத வழி: ஃப்ரேமை (நொடிக்கு எத்தனை படம்ங்கறதை) 60-லயோ மானிட்டர் அளவுக்கோ கட்டிப் போடுங்க, ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல கார்டோட பவர் லிமிட்டை 80 சதவீதம் வெயிங்க. ஆடறப்ப வித்தியாசம் பெருசாத் தெரியாது, 30 வாட்டுக்கு மேல மிச்சம்.

சென்னிமலை
கரண்டு பில்லையும் சொல்லிருங்க. 370 வாட், தெனம் நாலு மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு ஏறக்குறைய 90 யூனிட். அரசாங்கம் இலவசமாக் குடுக்கற யூனிட்டுல பெரிய பங்கை இது ஒண்ணே தின்னுரும். மொத்தம் 500-ஐத் தாண்டினா மலிவு விலையும் போயிரும். 490-ல நிக்கற வீட்டுக்காரங்க ஃப்ரேமைக் கட்டிப் போடறது நல்லது.

நொய்யக்கரை
பிங்குக்கு வர்றேன். மொதல்ல எங்க கோளாறுன்னு பிரிக்கணும். கேம் ஓடறப்ப ரெண்டு கமாண்ட் ஜன்னல் திறந்து, ஒண்ணுல ‘பிங் 192.168.1.1 -டி’ (உங்க ரூட்டர்), இன்னொண்ணுல ‘பிங் 8.8.8.8 -டி’ (வெளிய இருக்கற கூகுள் சர்வர்). ரூட்டருக்கே எகிறினா வைஃபை. ரூட்டர் 1 எம்எஸ்ல நின்னு வெளிய மட்டும் எகிறினா லைன், இல்லாட்டி வீட்டுல யாரோ அப்லோடை அடைச்சு வெச்சிருக்காங்க.

பொழுதோட மட்டும்னா பெரும்பாலும் அப்லோடுதான். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்த எல்லா ஃபோனும் வைஃபைல ஒட்டிக்கிட்டு ஃபோட்டோவை பேக்கப் போட ஆரம்பிக்கும், கிளவுட் சிசிடிவி இருந்தா அதுவும். ரூட்டர்ல வரிசை நிரம்பி, உங்க கேமோட சின்ன டேட்டாப் பொட்டலம் வரிசைக் கடைசில நிக்கும். ரூட்டர் செட்டிங்ல கியூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் (வரிசையை ஒழுங்கு பண்ற வசதி) இருந்தா, அப்லோடு வேகத்தை நிஜமா வர்றதுல 85-90 சதவீதமாக் கட்டுங்க. வேகம் கொஞ்சம் குறையும், பிங் அடங்கும்.

வைஃபைன்னா 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க, 2.4-லயே இருக்கோணும்னா சேனல் 1, 6, 11 மூணுல ஒண்ணு மட்டும். அதை விட கேட் 6 ஒயரே இழுத்துருங்க, 100 மீட்டர் வரைக்கும் போகும்.

லைன்னா ரூட்டரோட செட்டிங் பக்கத்தைத் திறந்து ஆப்டிகல் பவர் (ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தோட பலம், டிபிஎம் கணக்குல) பாருங்க. மைனஸ் 15-ல இருந்து 25 வரைக்கும் சுகம். மைனஸ் 27-க்குப் போனா எங்கயோ ஒயர் மடங்கியிருக்கு, இல்லாட்டி அணில் கடிச்சிருக்கு. அணில்னதும் சிரிக்காதீங்க, தென்னைக்குத் தென்னை கட்டிக்கொண்டு வர்ற ஃபைபர்ல அது நிஜமாவே நடக்கும்.

இதுக்குக் கீழ பிங் எறங்காதுன்னு ஒரு எல்லை இருக்கு. ஃபைபர்ல வெளிச்சம் ஒரு மில்லிசெகண்டுக்கு 200 கிலோமீட்டர். கோயமுத்தூர்ல இருந்து மும்பை நேர்கோட்டில் 1000 கிலோமீட்டர், போக வர 10 எம்எஸ். சிங்கப்பூர் 3100-க்கு மேல, 31 எம்எஸ். ஒயர் நேர்கோட்டில் போறதில்லை, அதனால நெசத்துல இது போல ரெண்டு மூணு மடங்கு ஆகும். சர்வர் மும்பையா சிங்கப்பூரான்னு மொதல்ல பாத்துட்டு அப்புறம் கம்பெனிக்காரனைத் திட்டலாம்.

சென்னிமலை
சந்தடி சாக்குல ஒரு சந்தேகம். பரிசுப் பெட்டி தொறக்கற கேம்ல நல்ல பரிசு வர எட்டுக்கு ஒண்ணு வாய்ப்புன்னு போட்டிருக்கான். பத்துத் தடவை தொறந்தும் வரலைன்னா ஏமாத்தறான்னு அர்த்தமா?

அவினாசி அம்மிணி
இதுக்கு உங்க அமுச்சி (பாட்டி) வெளையாடின தாயமே பதில் சொல்லும். பித்தளைத் தாயக்கட்டை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம்: வெறும் பக்கம், ஒண்ணு, ரெண்டு, மூணு. மொத்தம் 16 விதமா விழலாம். ஒண்ணும் வெறும் பக்கமும் சேந்தாத்தான் தாயம், அது ரெண்டு விதம். 16-ல 2, எட்டுக்கு ஒண்ணு! ரெண்டும் வெறும் பக்கம்னா பன்னெண்டு, 16-ல 1. ஆறும் அதே. அஞ்சு விழ 2. மறு ஆட்டம் குடுக்கற தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு எல்லாம் கூட்டினா 16-ல 6. அதிகம் விழறது மூணு, 16-ல 4. அதுக்கு மறு ஆட்டம் இல்லை, கணக்குத் தெரிஞ்சவன் வெச்ச சட்டம்.

எட்டுத் தடவை போட்டும் தாயம் விழாம இருக்கறதுக்கு வாய்ப்பு 34 சதவீதம். பத்துத் தடவைக்கு 26. பதினாறு தடவை போட்டும் காயே எறக்காம உக்காந்திருக்கறது 12. நாலு பேர் ஆடினா, பத்து உருட்டுக்கு அப்புறமும் ஒருத்தர் வெளியவே நிக்கறது சர்வசாதாரணம். கட்டைக்கு முன்னால விழுந்தது ஞாபகம் இருக்காது, பெட்டிக்கும் அப்படித்தான். ஐம்பது தடவைக்குள்ள கட்டாயம் வரும்னு கேம் தனியா எழுதியிருந்தா அது வேற கணக்கு. ஒரு பக்கம் தேய்ச்ச புளியங்கொட்டைல ஆடறவங்களுக்கும் இந்த எண் பொருந்தாது, அது தேய்ச்சவர் கையில இருக்கு.

தறிச்சத்தம்
மீட்டர்ல பாத்தனுங்ணா. ஃபேஸ்-நியூட்ரல் 218, ஃபேஸ்-எர்த் 131, நியூட்ரல்-எர்த் 84.

கொடுமுடிக்காரன்
எர்த் சுத்தமா இல்லை. மண்ணோட தொடர்பு இருந்தா நடுவாந்தரமா இப்படிப் பிரிஞ்சு காட்டாது. கம்ப்யூட்டரைப் புடுங்கி வெயிங்க. ஒயர்மேனை வரச்சொல்லி எர்த் குழியில இருந்து பாக்கச் சொல்லுங்க. ஜிஐ பைப்பும் கம்பியும் சேர்ற போல்ட்டுதான் மொதல்ல துருப்பிடிச்சு விடும். அடுத்தது ஸ்விட்ச் பாக்ஸ்ல எர்த் கட்டை. அதுக்கு அடுத்தது அந்த ரூமுக்கு எர்த் ஒயரே இழுக்காம விட்டிருப்பாங்க.

பைப் நல்லா இருந்து ரீடிங் மட்டும் மோசம்னா மண்ணு காஞ்சிருக்கு. நம்ம செம்மண்ணும் சுக்காம்பாறையும் கோடையில கரண்டை வாங்காது. கரியும் உப்பும் போட்ட குழின்னா வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. பாத்திரம் கழுவற தண்ணியைத் திருப்பி விட்டாலும் சரி.

தறிச்சத்தம்
போல்ட்டுதானுங்க, கையில தொட்டதும் உதுந்துருச்சு. புதுசு போட்டு, ரெண்டு குடம் ஊத்தினதுக்கு அப்புறம் 221, 222, நியூட்ரல்-எர்த் 1.5. இரும்பைத் தொட்டா ஒண்ணும் தெரியலை. தூசி எடுத்து பேஸ்ட் மாத்தினதுல சிபியூ 74. பிங்குக்கு அப்லோடைக் கட்டியிருக்கேன், இப்ப 40. இனி 1 கேவிஏ யூபிஎஸ் மட்டும் வாங்கோணும். பழைய 600-ஐ என்ன பண்றதுங்க? காயலாங்கடைக்குப் போட்டரட்டுமா?

மஞ்சமண்டி
போடாதீங்க. பேட்டரி வயிறு உப்பியிருந்தா அதை மட்டும் மாத்துங்க, பழசைப் பேட்டரிக் கடைல குடுத்தா ஈயத்துக்குக் கழிச்சுக்குவாங்க. அந்த யூபிஎஸ்ல ரூட்டரையும் ஃபைபர் டப்பாவையும் மட்டும் மாட்டிருங்க. ரெண்டும் சேந்து 20 வாட்தான், கரண்டு போனா ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம் நெட் நிக்கும்.